தவிட்டுக்கு விற்ற பிள்ளை

என் கட்டுரை நோட்டையெல்லாம் எழுதிக் கொடுத்த மகா அக்காவுக்கு,

முதல் தடவையாக நானே உட்கார்ந்து ஒன்று எழுதுகிறேன். பிழை இருந்தால் அங்கிருந்தே தலையில் ஒரு கொட்டு வை. நீ கொட்டினால் வலிக்கும் என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

உன்னிடம் கொடுத்த ஒன்றைத் திருப்பிக் கேட்கத்தான் எழுதுகிறேன். டி. கல்லுப்பட்டி சுடுகாட்டில் நீ எரிந்துகொண்டிருந்தபோது நான் ஒரு சத்தியம் செய்தேன். உன்னைக் கொன்றவனை என் கையாலேயே கொல்வேன் என்று கத்தினேன். நம் சொந்தக்கார ஆம்பளைகள் எல்லாரும் கேட்டார்கள், சில பேர் என் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார்கள். அந்தச் சத்தியத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு அக்கா.

கோபித்துக்கொள்ளாதே, முழுக்கப் படி. ஊரும் படிக்கட்டும் என்றுதான் எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். உசிலம்பட்டியில் நான் சொந்தமாக வெல்டிங் பட்டறை போட்டிருக்கிறேன். கேட் செய்யச் சொல்லி வருகிறவன்கூட அளவைச் சொல்வதற்கு முன்னால், என்ன மாப்ள, இன்னும் சும்மாவா இருக்க என்றுதான் ஆரம்பிக்கிறான். இவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

உன் புருஷன் உன்னைக் குழவிக்கல்லால் அடித்தது நடுப்பகலில். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்து உள்ளே போனபோது உன் மகள் பவி உன் காலடியில் உட்கார்ந்திருந்தாளாம். தரையில் கொட்டிக் கிடந்த பொரிகடலையைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாளாம். தரை எப்படி இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. அவளுக்கு அப்போது மூன்று வயது. விவரம் தெரியாத வயசு, மறந்துரும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

நான் அப்போது கேரளாவில் வேலையில் இருந்தேன். அவனைக் கொல்வது பற்றி யோசிப்பதற்கே எனக்கு நேரம் சரியாக இருந்தது, பிள்ளையைப் பற்றி யோசிக்கவில்லை. அவனைப் பெற்றவள் கொஞ்ச நாள் வைத்திருந்தாள். கொலைகாரன் பெத்ததை எத்தனை நாள் வைத்துப் பார்ப்பது என்று திருப்பூரில் இருக்கும் தன் மகளிடம் தள்ளிவிட்டாள். அந்த மகள் ஒரு இல்லத்தில் கொண்டுபோய் விட்டாள். இடையில் யார் யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள், யார் யாரோ திருப்பி விட்டார்கள். போன இடத்திலெல்லாம் அவளுக்கு ஒரு அம்மா இருந்தாள். ஒருத்தியும் நிலைக்கவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் போய்க் கேட்டேன். ஜோதியை நீ பார்த்ததில்லை. வாடிப்பட்டிப் பெண். நாத்தனார் அதிகாரம் செய்ய உனக்குக் கொடுத்துவைக்கவில்லை. செய்திருந்தாலும் அவளிடம் பலித்திருக்காது, அவளும் லேசுப்பட்டவள் இல்லை. மகாவோட மக நம்ம வீட்டுலதான் வளரணும் என்று முதலில் சொன்னவள் அவள்தான். எங்கள் கவின் அப்போது அவள் வயிற்றில் இருந்தான்.

இல்லத்துக் கதவு திறந்ததும் பவி ஓடி வந்து ஜோதியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அம்மா என்றாள். ஜோதி அழுதேவிட்டாள். வருகிற வழியில் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பொம்பளையின் மடியில் ஏறி உட்கார்ந்து அவளையும் அம்மா என்றாள். உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் நான் பையை இறக்கித் திரும்புவதற்குள், கொய்யாப்பழம் விற்கிற ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதித் தூரம் போய்விட்டாள்.

புதுசு பழசானதும் ஆட்டம் ஆரம்பித்தது. தலை சீவிக்கொண்டிருந்த ஜோதியின் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வந்தும் விடவில்லை, மூக்கைப் பொத்தித்தான் வாயைத் திறக்க வைத்தேன். கொதிக்கிற டீயை என் மேல் வீசினாள். ஜோதி வளர்த்த கோழிக்குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்து, அடங்கின பிறகு வரிசையாகச் சிமெண்டு மேடையில் படுக்க வைத்தாள். கேட்டால் தூங்குது என்றாள்.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. ஒரு நாள் பட்டறையில் தகடு கிழித்து அவள் பாதம் பிளந்துவிட்டது. ஒரு சத்தம் இல்லை. ரத்தத் தடத்தைப் பிடித்துப் போய்ப் பார்க்கிறேன், பெயிண்ட் டிரம்முக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து காயத்தில் மண்ணை அள்ளி வைத்து அமுக்கிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் இன்னும் உள்ளே நகர்ந்தாள். அடிபட்ட பிள்ளை யாரிடமாவது ஓடும் அக்கா. இவள் ஆளைக் கண்டு ஒளிந்தாள்.

ஜோதியின் அண்ணன் செல்போனில் ஒரு வீடியோ அனுப்பினார். இந்த மாதிரிப் பிள்ளையை இறுக்கிக் கட்டிப் பிடிக்க வேண்டுமாம். திமிறினாலும் கத்தினாலும் விடக்கூடாதாம், அடங்கியதும் பாசம் வந்துவிடுமாம். இரும்பு தூக்குகிற கை என்னுடையது. போட்டு இறுக்கினேன். கத்தினாள், வாந்தி எடுத்தாள், அப்புறம் கண்ணைத் திறந்துகொண்டே துவண்டுவிட்டாள். ஜோதி என் முடியைப் பிடித்து இழுத்துத்தான் என்னை விலக்கினாள். மூச்சு திரும்பியதும் பவி என்னைப் பார்த்த பார்வையில் நான் உன் புருஷனாகத்தான் தெரிந்திருப்பேன்.

இதற்கு அப்புறம்தான் ஒச்சப்பன் சித்தப்பா வந்தார். உனக்குத் தெரியுமே, எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருப்பார். பெத்தவ பிடிச்சு இழுக்கிறா, அதான் புள்ள யாரோடயும் ஒட்ட மாட்டேங்குது, தவிட்டுக்கு வித்து வாங்கிருங்க என்றார். நம் பக்கத்தில் பிறந்து பிறந்து இறந்த வீட்டில் அடுத்த பிள்ளைக்குச் செய்வார்களே, அதுதான். பிள்ளையைக் கோயில் வாசலில், அரிசி புடைக்கிற சுளகில் தவிடு பரப்பி உட்கார வைத்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். வேறொருத்தி எடுத்துக்கொள்வாள். அவளிடம் ஒரு படி தவிட்டைக் கொடுத்து வாங்கினால், வாங்குகிறவளுக்கே அது பிள்ளை. பழைய உறவு அறுந்து புது உறவு ஒட்டும் என்று கணக்கு. பச்சைப் பிள்ளைக்குச் செய்கிற சடங்கு அது. ஆறு வயதுப் பிள்ளைக்குச் செய்யலாமா என்று அங்கே இருந்த ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

தாய்மாமன் நான், விற்க வேண்டியவன் நான். ஜோதி வாங்குகிறவள். புதுப் பாவாடை கட்டி, பூ வைத்து, பவியைச் சுளகில் உட்கார வைத்தோம். சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்து, "இந்தப் புள்ள எனக்கு வேணாம்" என்று மூன்று தரம் சொன்னேன். திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்றார் சித்தப்பா. திரும்பிப் பார்க்காமல் போனேன். கோயில் ஆலமரத்தடிக்குப் போகிற வரைக்கும் முதுகில் அவள் கண் இருந்தது.

சித்தி எடுத்தாள், ஜோதி தவிடு கொடுத்து வாங்கினாள், எல்லாருக்கும் பொங்கல் கொடுத்தோம். பவி அழவே இல்லை. அன்றிலிருந்து கொஞ்ச நாள் வீடு அமைதியாக இருந்தது. சொன்னதைக் கேட்டாள், சாப்பிட்டாள், தூங்கினாள். சித்தப்பா மீசையைத் தடவிக்கொண்டு திரிந்தார்.

ஒரு காலையில் ஜோதி துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். நான் பட்டறை வாசலில் கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். ரோட்டில் டயர் தேய்கிற சத்தம், அப்புறம் ஆட்கள் கத்துகிற சத்தம். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறேன். தார் ரோட்டு ஓரத்தில் எங்கள் சுளகு, அதில் தவிடு, அதன் மேல் கவின். எட்டு மாதப் பிள்ளை அக்கா. தவிட்டை வாயில் வைத்துத் துப்பிக்கொண்டிருந்தான். டவுன் பஸ் அவன் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது.

டிரைவர் இறங்கி உட்கார்ந்து வாந்தி எடுத்தார். பவி வீட்டைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தாள். அவ்வளவு சத்தத்திலும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடித்தேன். கையில் கிடைத்த ரப்பர் டியூபால் அடித்தேன். முதுகு, தொடை, தடுத்த கை என்று பார்க்கவில்லை. தெருவில் ஒருத்தரும் தடுக்கவில்லை, நாலு போடு என்றுதான் சொன்னார்கள். அவள் சிரித்தாள். அடிக்க அடிக்கச் சிரித்தாள். கை ஓய்ந்துபோய்த்தான் நிறுத்தினேன்.

கவினை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு ஜோதி கேட்டாள், "நாளைக்கு இவ எம் புள்ளையக் கொன்னாலும் அக்கா மகள்னு சொல்லிக்கிட்டு இருப்பியா? அவ இருக்கட்டும், இல்ல நாங்க இருக்கோம். நீயே முடிவு பண்ணு." அவள் கேட்டதில் என்ன தப்பு? பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் பொறுத்துக்கொள், சரிவரவில்லை என்றால் ஏதாவது விடுதியில் விடுகிறேன் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். மாடிப்படிக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன். கவினைத் தரையில் விடாமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு சமைத்தாள் ஜோதி.

அந்தப் பஸ் டிரைவர்தான் மறுநாள் வந்து, மதுரையில் குழந்தைகள் மனசு பார்க்கிற டாக்டர் ஒருத்தர் இருக்கிறார் என்று சொன்னார். டாக்டர் காது கேட்கிறதா, வலிப்பு உண்டா என்று எல்லாம் சோதித்துவிட்டு இங்கிலீஷில் ஒரு பேர் சொன்னார். இதற்கென்று மாத்திரை கிடையாது என்று சொல்லி ரெஜினா என்ற பெண்ணிடம் அனுப்பினார். நான் மூக்குக்கண்ணாடி போட்ட பெரிய மனுஷியாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். ஸ்கூட்டியில் ஹெல்மெட்டோடு வந்து இறங்கின சின்னப் பெண். சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. இது என்ன செய்யும் என்று ஜோதியிடம் கண்ணைக் காட்டினேன்.

பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு நாங்கள் வெளியே இருக்கட்டுமா என்று கேட்டேன். "அண்ணே, புள்ளைய விட்டுட்டுப் போங்க, சரிபண்ணித் தாரேன்னு யாரு சொன்னாலும் விட்டுட்டுப் போயிராதீங்க" என்றாள் ரெஜினா. "இவளுக்கு நான் வேணாம். மாறாத ரெண்டு பேரு வேணும். நான் அந்த ரெண்டு பேருக்குத்தான் சொல்லிக் குடுக்க முடியும்."

ஒட்டுதல் கோளாறு என்று அதைத் தமிழில் சொன்னாள். அவள் சொன்னதில் எனக்குப் புரிந்ததை உனக்குச் சொல்கிறேன். பிள்ளை அழும், ஒரு ஆள் வந்து தூக்கும். பசிக்கும், அதே ஆள் வந்து ஊட்டும். திரும்பத் திரும்ப இப்படி நடந்துதான் இந்த ஆள் என் ஆள் என்று பிள்ளைக்கு உள்ளே பதிகிறது. பவிக்கு அது உன்னோடு பதிந்துகொண்டிருக்கும்போதே அறுந்தது. அப்புறம் ஒட்டிய இடத்திலெல்லாம் அறுந்தது. இனி யாரோடும் ஒட்டாமல் இருப்பதுதான் அவளுக்குத் தெரிந்த பாதுகாப்பு. அதனால்தான் எல்லாரையும் அம்மா என்றாள், கிட்டே வந்தவளைக் கடித்தாள்.

அந்த வீடியோ வைத்தியத்தைச் சொன்னதும் ரெஜினாவின் முகம் மாறியது. அப்படிப் பிடித்துப் பிள்ளைகள் செத்தே போயிருக்கிறார்கள், இனி கனவிலும் செய்யாதீர்கள் என்றாள். டியூபால் அடித்ததையும் சொன்னேன். இன்னொரு தரம் அடித்தால் தானே புகார் கொடுப்பேன் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

சடங்கையும் ரோட்டில் நடந்ததையும் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஜோதி குறுக்கே ஒன்று சொன்னாள். கவினைத் தூக்கும்போது சுளகுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் தவிடு அளக்கிற படி இருந்ததாம். அது நிறையத் தவிடு இருந்ததாம். அவளும் அதுவரைக்கும் அதை யோசிக்கவில்லை. ரெஜினா எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

தம்பியை யாராவது எடுத்துப் போகட்டும் என்று வைத்தாளா? இல்லை, யாராவது வாங்கி அவனும் நம் பிள்ளை ஆகட்டும் என்று, நாங்கள் அவளுக்குச் செய்ததையே அவனுக்குச் செய்தாளா? தனக்குத் தெரியாது என்றாள் ரெஜினா. பவியிடம் கேட்கவும் கூடாது என்றாள். அக்கா, உனக்குத் தெரியுமா? விற்க மட்டும் வந்தவள் வாங்குகிறவளின் படியை ஏன் சுமந்துகொண்டு போனாள்?

அதிலிருந்து எங்களுக்குப் பாடம் ஆரம்பித்தது. சொந்தக்காரர்கள் யாரும் அவளைத் தூக்கிக் கொஞ்சக்கூடாது. ஊட்டுவதும் எண்ணெய் தேய்ப்பதும் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். கடித்தாலும் அறையில் போட்டுப் பூட்டக்கூடாது; கவினைத் தள்ளி வைத்துவிட்டு, ஒருத்தர் கிட்டேயே உட்கார்ந்து, கடிக்க விட மாட்டேன், இங்கேயேதான் இருப்பேன் என்று சொல்ல வேண்டும். அதைக் கத்தாமல் சொல்ல வேண்டும் என்பதுதான் எனக்குக் கொடுமை. என் கோபத்துக்கு என்று தனியாக வேறு என்னை வரச் சொன்னாள்.

எல்லாவற்றையும்விட ஒன்றை ரெஜினா விடாமல் சொன்னாள். வெளியே கிளம்பினால் எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று பவியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்னபடி வர வேண்டும். டீக்கடைக்குப் போனாலும் சரி. பொய் சொல்லவே கூடாது. நான் ஒன்றரை வருஷம் கேரளாவில் இருந்தபோது அம்மாவுக்குக்கூட இப்படிச் சொன்னதில்லை.

அப்புறம் விளையாட்டு. சாயங்காலம் பட்டறையில் வேலை நின்றதும் நான் அவளோடு தரையில் உட்கார வேண்டும். அவள் சொல்வதுதான் விளையாட்டு. நான் அதிகாரம் செய்யக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது, அவள் செய்வதைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பவி சிவப்பு டப்பாவை எடுக்கிறாள், பவி அதை உருட்டுகிறாள் என்று நான் கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டிருப்பேன். கேட் வாங்க வந்தவர்கள் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் அவள் அந்தச் சுளகை எடுத்து வந்தாள். தவிட்டைக் கொட்டினாள். என்னைக் காட்டி, உக்காரு என்றாள். என் கனத்துக்குச் சுளகு கிழிந்தே போனது. சாக்கை விரித்தாள், அதில் உட்கார்ந்தேன். எனக்கு நேராக நின்று, நான் கோயிலில் நின்ற அதே மாதிரி நின்று, "இந்த மாமா எனக்கு வேணாம்" என்று மூன்று தரம் சொன்னாள். திரும்பி நடந்தாள்.

எந்திரிச்சுப் போயிராதீங்க, அவ வர்ற வரைக்கும் இருங்க என்று ரெஜினா போனில் சொன்னாள். தினமும் என்னை விற்றாள் அக்கா. சாக்கில் உட்கார வைத்து, வேண்டாம் என்று சொல்லி, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விடுவாள். நான் கொசுவை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில நாள் திரும்பி வந்து என் கண்ணில் தவிட்டை வீசுவாள். சில நாள் எட்டி உதைப்பாள். காலைப் பிடித்துக்கொண்டு, உதைக்க வேண்டாம், நான் இங்கேயேதான் இருக்கேன் என்பேன். பற்களைக் கடித்துக்கொண்டுதான் சொல்வேன். பாசமெல்லாம் அப்போது ஒன்றும் கிடையாது, வீம்புதான்.

ஒரு நாள் வாசல்படியில் கால் வைத்தவள் நின்றாள். லேசாகத் தலையைத் திருப்பி, நான் இருக்கிறேனா என்று பார்த்தாள். எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. தவிடு விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. அடுத்த வாரமே ஜோதியின் கல்யாணப் புடவையைக் கத்திரியால் துண்டு துண்டாக வெட்டினாள். கடித்த இடத்திலேயே மறுபடியும் கடித்தாள். ஜோதிக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. பையைக் கட்டி, கவினைத் தூக்கிக்கொண்டு வாடிப்பட்டிக்குக் கிளம்பினாள். நான் தடுக்கவில்லை, எந்த முகத்தை வைத்துக்கொண்டு தடுப்பது? அந்த நேரத்திலும் வழக்கம் விடவில்லை, ஊருக்குப் போறேன் என்று பவியிடம் சொன்னாள். எப்போது வருவேன் என்று மட்டும் சொல்லவில்லை. பொய் சொல்லக்கூடாதே.

பஸ் வந்து நின்றது, ஜோதி ஏறி உட்கார்ந்தாள். பவி என்னைத் தாண்டிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினாள். பாவாடையை மடித்துப் பிடித்திருந்தாள். பஸ்ஸில் ஏறி, பாவாடையில் இருந்த தவிடு முழுவதையும் ஜோதியின் மடியில் கொட்டினாள். கவின் தலையெல்லாம் தவிடு. ஜோதியின் சடையை இரண்டு கையாலும் பிடித்து, அவள் கழுத்து சாய்கிற அளவுக்கு இழுத்தாள்.

"தவிடு குடுத்தாச்சு. எறங்கு."

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, யாருமா இது என்று அதட்டினார். சடை பவியின் கையில் இருக்க, வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஜோதி சொன்னாள், "எம் மக." இறங்கிவிட்டாள். வீடு வந்து சேருகிற வரைக்கும் பவி சடையை விடவில்லை. வாசலில் வந்து உட்கார்ந்துதான் அழுதாள். நீ போன பிறகு அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. ஜோதியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, முதுகில் இரண்டு கையாலும் குத்திக் குத்தி அழுதாள். ஜோதி வாங்கிக்கொண்டாள். விடுதிப் பேச்சை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

இனி அவனைப் பற்றிச் சொல்கிறேன். போன மாதம் அவன் பரோலில் வந்தான். அவனைப் பெற்றவளுக்கு உடம்புக்கு முடியவில்லையாம். டி. கல்லுப்பட்டியில் வீட்டு வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறான் என்று மத்தியானம் ஒருத்தன் பட்டறைக்கே வந்து சொன்னான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சினிமாவில் மதுரைக்காரன் என்றால் அரிவாளைத்தான் கையில் கொடுப்பார்கள். நான் வெல்டர். உன் கருமாதிக்கு மறுநாளே ஒரு இரும்புக் கம்பியைக் கூராகத் தீட்டிவிட்டேன், பட்டறை போட்ட பிறகு அதைக் கழிவு இரும்புக்கு அடியில் வைத்திருந்தேன். வருஷா வருஷம் எடுத்துத் துருவைத் தேய்த்து வைப்பேன். ஜோதிக்குத் தெரியாது, ரெஜினாவிடமும் நான் சொல்லவில்லை. அதை எடுத்துச் சாக்கில் சுற்றி வண்டியில் கட்டினேன். உன் முகமும் அந்தத் தரையும் தவிர எனக்கு வேறெதுவும் தெரியவில்லை.

வண்டியை உதைத்தபோது பவி முன் சக்கரத்துக்கு எதிரில் வந்து நின்றாள்.

"எங்க போற?"

சும்மா என்றேன்.

"எப்ப வருவ?"

அதற்கு என்ன பதில் சொல்வது அக்கா? போனால் நான் எப்போது வருவேன்? அவளுக்குக் கல்யாண வயது ஆன பிறகா? அவள் வண்டியில் கட்டியிருந்த சாக்கைப் பார்த்தாள். அவளுக்கு அது நாங்கள் விளையாடுகிற சாக்கு.

"வேணாம்னு சொல்லிட்டுப் போறியா, வருவேன்னு சொல்லிட்டுப் போறியா?"

கேட்டுவிட்டு, ஆக்சிலேட்டரைப் பிடித்திருந்த என் கையில் பல்லைப் பதித்தாள். வலித்தது. அந்த வலியில்தான் எனக்கு ரோடு தெரிந்தது, வெயில் தெரிந்தது, அவள் தெரிந்தாள். வண்டியை அணைத்தேன்.

டீக்கடைக்குப் போறேன், குடிச்சிட்டு உடனே வாரேன் என்று சொன்னேன். சொன்ன பிறகு போகாமல் இருக்கக் கூடாதே. நடந்து போனேன். பாதி டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன், மீதியைக் குடித்தேன். போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். வந்து பார்த்தால், வண்டியிலிருந்து சாக்கை அவிழ்த்துக் கம்பியை ஓரமாகப் போட்டுவிட்டு, அந்தச் சாக்கை விரித்து அதில் உட்கார்ந்து எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். டீ வாசனை வருகிறதா என்று என் வாயை மோந்து பார்த்தாள்.

கம்பியைத் துண்டு போட்டுப் பழைய இரும்போடு எடைக்குப் போட்டுவிட்டேன். என் கோபம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அவன் பேரைக் கேட்டால் இன்றைக்கும் என் பல் நறநறக்கிறது. அவன் ஒரு நாள் தண்டனை முடிந்து வருவான், அன்றைக்கு என்ன செய்வேன் என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அவனைக் குத்திவிட்டு உள்ளே போனால், பவியைச் சுளகில் வைத்துவிட்டுப் போன கடைசி ஆள் நானாக இருப்பேன். அவனுக்கு அவ்வளவு பெரிய இடத்தை நான் கொடுக்க மாட்டேன்.

அதனால்தான் கேட்கிறேன், அந்தச் சத்தியத்தைத் திருப்பிக் கொடு. அதற்குப் பதிலாக வேறொன்று தருகிறேன், வைத்துக்கொள். இந்த உடம்பில் உயிர் இருக்கிற வரைக்கும் எங்கே போனாலும் உன் மகளிடம் சொல்லிவிட்டுப் போவேன். சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பேன். போகும்போது திரும்பிப் பார்ப்பேன்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஆகிவிட்டது. மணி அடிக்கும்போது கேட்டுக்கு நேராக நிற்கிறேன் என்று காலையில் அவளிடம் சொல்லியிருக்கிறேன். கிளம்புகிறேன் அக்கா.

உன் மகள் சாக்கில் உட்கார்ந்து காத்திருந்து வாங்கிக்கொண்ட மாமன்,
உன் தம்பி பாண்டி